வினாகிரி மணக்கிற கிளினிக்

மனிதரின் முகத்தைப் பார்த்துச் செய்கிற உத்தியோகங்கள் உலகத்தில் ஆயிரம் இருக்கின்றன; என்னுடையது மறுபக்கத்தைப் பார்த்துச் செய்கிற உத்தியோகம்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் செவ்வாய்க்கிழமைகளில் நடக்கிற ஒரு சின்னக் கிளினிக்கில் நான் தாதி. எங்கள் ஊரில் தாதியை எல்லோரும் 'மிஸி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்களுக்கு மலவாசலில் புற்றுநோய் வருவதற்கு முன்னரே அதன் அடையாளம் ஏதும் தெரிகிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. நீங்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. பரவாயில்லை, கலியாண வீடுகளில் நான் என் வேலையைப் பற்றிச் சொன்னதும் பக்கத்துக் கதிரைக்காரர் சோற்றுத் தட்டோடு இடம் மாறிப் போவதைப் பார்த்துப் பழகியவள் நான்.

எல்லாப் பெண்களுக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. கருப்பைக் கழுத்தில் புற்றுநோயோ அதற்கு முந்திய மாற்றமோ வந்து சுகமானவர்கள், சிறுநீரகம் மாற்றிவைத்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து குடிப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்று சிலருக்குத்தான் ஆபத்து அதிகம். கருப்பைக் கழுத்தில் வேலையைக் காட்டிய அதே கிருமிதான் பெரும்பாலும் இங்கேயும் வந்து சத்தமில்லாமல் குடியிருக்கும். ஆஸ்பத்திரியின் நீளப் பலகை வாங்கில் குந்திக் காத்திருந்து இடுப்பு நொந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும் அல்லவா? அந்த வாங்கு உறவில் சில கதைகளைச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

கண்ணுக்கு வந்தவர்கள்

கிளினிக் தொடங்கியபோது கதவில் ஒரு பலகை மாட்டினார்கள். நோயின் முழுப்பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தது. பலன், எங்கள் வாங்கில் ஒரு ஈ காக்கை இல்லை. பக்கத்துக் கண் கிளினிக் வாங்கில் மட்டும் தாங்கமுடியாத நெரிசல். அங்கே இருந்த பெண்கள் பலர் எங்கள் கதவையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஒருத்தி மெல்ல எழும்பி வந்து என் காதோடு சொன்னாள்: "மிஸி, பேரைச் சொல்லிக் கூப்பிடாதையுங்கோ. ஒருக்காச் செருமிவிடுங்கோ, நான் விளங்கிக்கொண்டு வாறன்."

சரியென்று வாசலில் நின்று செருமினேன். கண் வாங்கிலிருந்து நாலைந்து பேர் ஒன்றாக எழும்பினார்கள். எல்லோருக்கும் அதே யோசனைதான் போலும். அதில் இரண்டு பேர் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர். கண்ணுக்குக் காட்டப் போகிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, ஒரே பஸ்ஸில், ஒரே சீற்றில் வந்தவர்கள். இப்போது ஒருவரை ஒருவர் பார்த்தபடி சிலைபோல நின்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாயும் இருந்தது. பிறகு மூத்தவள் மற்றவளின் கையை எட்டிப் பிடித்தாள்.

"வா பிள்ளை, ரெண்டு பேருமாப் போய்க் கண்ணைக் காட்டிப்போட்டு வருவம்."

அன்னலட்சுமி அக்காவின் துப்புரவு

பலகையைக் கழற்றினோம், ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் பண்டத்தரிப்பு அன்னலட்சுமி அக்கா. வெங்காயத் தோட்டக்காரி, நல்ல உழைப்பாளி. கருப்பைக் கழுத்தில் வந்த மாற்றத்துக்காக முன்னர் வைத்தியம் செய்தவர் என்பதால் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். சோதனைக்கு முன்னே ஒன்றும் செய்யத் தேவையில்லை, வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

குறித்த நாளில் அவரை ஓட்டோவிலிருந்து இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். முகம் வெளிறி, உதடு காய்ந்து, நிற்க முடியாமல் நின்றார். என்னவென்று கேட்டால், முதல்நாள் ஆமணக்கெண்ணெய் வாங்கிப் பேதிக்குக் குடித்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஆவணியில் பிள்ளைகளைப் பிடித்து வைத்துப் பருக்குவார்களே, அதே அளவு மருந்து, அதற்கு மேலும் ஒரு கரண்டி. பண்டத்தரிப்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் வழியில் தெரிந்தவர் வீடு, தெரியாதவர் வீடு என்று பார்க்காமல் ஓட்டோவை மறித்து மறித்து வந்திருக்கிறார். அன்றைக்குச் சோதனையாவது மண்ணாவது. ஜீவனி உப்புத்தூள் கரைத்துக் கொடுத்துக் கட்டிலில் படுக்கவைத்தோம். எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் நின்றது. "ஆரக்கா உங்களை உப்பிடிச் செய்யச் சொன்னது?" என்று ஏசினேன். அவர் படுத்தபடியே என்னை அதிசயமாகப் பார்த்தார்.

"வீடு பாக்க ஆள் வரேக்கை வாசல் முத்தம் கூட்டாமல் விடுவமே மிஸி?"

கோபம் போன இடம் தெரியவில்லை. யாரும் பார்க்கக் கூசுகிற இடத்தைக்கூட ஒரு விருந்தாளிக்கு ஒழுங்குபடுத்துவதுபோல ஒழுங்குபடுத்திக்கொண்டு, உயிர் போகிற பாட்டில் வந்து சேர்ந்த மனுசி. அடுத்த செவ்வாய் புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக வந்தார். சோதித்ததில் ஒரு பழுதும் இல்லை. கட்டிலை விட்டு இறங்கியவர் டொக்டரைக் கேட்ட கேள்வி இதுதான்: "அப்ப நான் அண்டைக்குக் குடிச்சது வீணே?"

சுவரில் முருகன்

எங்கள் கட்டிலில் இடதுபக்கமாகச் சரிந்து, முழங்காலை மடக்கி, சுவரைப் பார்த்தபடி படுக்கவேண்டும். வெறுஞ் சுவர், அதுவும் ஈரம் ஊறிய சுவர். பாவம், பார்ப்பதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று நல்ல முருகன் படக் கலண்டர் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டினேன். பெரிய புண்ணியம் செய்த நினைப்பு எனக்கு. முதலில் வந்த பெண் படுத்தாள், படத்தைப் பார்த்தாள், துள்ளி எழும்பிவிட்டாள். "மிஸி, முதல்லை உந்தப் படத்தைத் திருப்புங்கோ. இளந்தாரிக் கடவுளுக்கு முன்னாலை இந்தக் கோலத்திலை கிடக்கச் சொல்லுறியளே?"

முருகன் சுவரைப் பார்த்தபடி சில வாரம் தொங்கினார். அப்போது குருநகரிலிருந்து பிலோமினா என்ற அம்மா வந்தார். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு நீண்ட சிகிச்சை எடுத்துத் தப்பியவர், மீன் சந்தையில் உரத்துப் பேசிப் பழகிய குரல். திருப்பிய கலண்டரைக் கண்டு காரணம் கேட்டுச் சிரித்துவிட்டு, அடுத்த முறை வரும்போது தங்கள் கோயிலில் தந்த மாதா படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார். இதற்கும் கூச்சம் வராதா அம்மா என்று கேட்டேன். தானே கதிரையில் ஏறி நின்று படத்தை மாட்டிவிட்டு இறங்கிச் சொன்னார்:

"மாதா பாக்கட்டும் மிஸி. அவவும் பிள்ளை பெத்த பொம்பிளைதானே, எங்கடை கரைச்சல் விளங்கும்."

அந்தப் படம் இன்றைக்கும் அங்கேதான். திருநீறு பூசிக்கொண்டு வருகிற பெண்கள்கூடப் படுத்ததும் அந்த முகத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பார்கள்.

என்ரை சாமான்

இனிச் சொல்லப்போவது வசந்தி ரீச்சரின் கதை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிப்பவர், நாற்பது வயது வராது. சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வேறொன்று வைத்து உயிர் தப்பியவர். கொடுத்தது அவருடைய கணவரின் தமக்கை தவமணி. உடம்பு அந்தச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மருந்து. அந்த மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறையும் என்பதால்தான் எங்கள் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள்.

வசந்தி வந்தார், வாசலோடு நின்றுவிட்டார். "மிஸி, ஊசி, குழாய், கத்தி எல்லாம் பாத்தாச்சு. என்ரை உடம்பிலை ஒருத்தரும் பாக்காத இடம் இது ஒண்டுதான். இதையாவது எனக்கெண்டு விடுங்கோ" என்றார். அவர் கேட்டதில் என்ன பிழை? திரும்பி நடக்கத் தொடங்கியவரைக் கைப்பையோடு சேர்த்துப் பிடித்து நிறுத்தினார் கூட வந்த தவமணி மச்சாள். கட்டையான, கறுத்த, சேலையை இழுத்துச் செருகிய மனுசி. எங்கள் ஊரில் மச்சாள்மாரின் வாய்க்குப் பூட்டு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கொரிடோர் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"உன்ரை உடம்பெண்டு ஆரடி சொன்னது? என்ரை சாமான் ஒண்டு உள்ளுக்கை கிடக்கு. அது இருக்கிற வீடு பழுதோ எண்டு நான் பாக்கத்தான் பாப்பன், நட உள்ளுக்கு!"

வினாகிரி

உங்கள் வீட்டுக் குசினியில் அச்சாறு போட வைத்திருப்பீர்களே அந்தப் புளிப்பு வினாகிரி, எங்கள் சோதனையிலும் பெரிய ஆள் அதுதான். முதலில் டொக்டர் விரலால் தடவிப் பார்ப்பார். பிறகு ஒரு சின்னக் குழாயை வைத்து, தண்ணி கலந்த வினாகிரியில் நனைத்த துணியால் உள்ளே ஒற்றிவிட்டுச் சற்றுப் பொறுத்திருப்பார். பிறகு பெருப்பித்துக் காட்டும் கருவியால் பார்ப்பார். நல்ல தோல் இளஞ்சிவப்பாக அப்படியே இருக்கும். கெடத் தொடங்கிய இடம் இருந்தால் அது மட்டும் மெல்ல மெல்ல வெளுக்கும். நோவில்லை, காயமில்லை, உடம்புக்காரிக்கே தெரியாது. நேற்றுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒன்று, கடையில் வாங்குகிற வினாகிரிக்குத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் அந்த வெள்ளை எழும்பி வரும்போது எனக்கு உடம்பு புல்லரிக்கும்.

எங்கள் டொக்டர் ஒரு பெண். சோதிக்கிற நேரம் முழுக்க ஓயாமல் கதைப்பார். என்ன கறி வைத்தீர்கள், பயித்தங்காய் என்ன விலை, மழை வருமா என்று கேட்டுக் கேட்டே கூச்சத்தைப் போக்கிவிடுவார். வசந்தியும் படுத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, "என்ன மிஸி, அச்சாறோ போடுறியள்?" என்று பகிடிவிட்டார். "ஓம் ரீச்சர், மத்தியானச் சோத்துக்கு" என்றார் டொக்டர். அதற்குப் பிறகு டொக்டர் கதைக்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஓர் ஓரத்தில், அரிசிக் குறுணி அளவு, வெள்ளை. டொக்டர் விறைப்பு ஊசி போட்டு அந்த இடத்தில் ஒரு நுள்ளு அளவு சதை எடுத்தார். சுவரைப் பார்த்தபடியே வசந்தி சொன்னார்:

"பிள்ளையளின்ரை கொப்பியிலை பிழை கண்டால் நானும் இப்பிடித்தான் டொக்டர், கதையாமல் நிப்பன்."

ஒரு கோப்பைத் தேத்தண்ணி

ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் அப்படியே விட்டால் புற்றுநோயாகக்கூடிய கடுமையான மாற்றம். வசந்தி இந்த முறை மச்சாளைக் கூட்டிவராமல் தனியே வந்திருந்தார். டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அந்த இடத்தை மட்டும் சுட்டு எடுத்துவிடலாம், சிறுநீரக வைத்தியரோடும் ஒருமுறை கதைத்துவிட்டுத் தொடங்குவோம் என்றார். வசந்தி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், எழும்பிப் போனார், பிறகு வரவேயில்லை. அடுத்த செவ்வாயும் இல்லை, அதற்கடுத்த செவ்வாயும் இல்லை. போன் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. சுட்டு எடுக்கக்கூடிய நேரத்தில் ஒரு பெண் வீட்டில் இருந்துகொண்டு அதை வளரவிடுகிறாள் என்றால் யாருக்குத்தான் நித்திரை வரும்?

ஒருநாள் வாசலில் தவமணி மச்சாள் நின்றார். வசந்தி வீட்டில் சாப்பிடுவதில்லையாம், ஒருத்தரோடும் கதைப்பதில்லையாம். "என்ன வருத்தம் எண்டு நீங்களாவது சொல்லுங்கோ" என்றார். எப்படிச் சொல்வேன்? நோயாளியின் சங்கதியை அவர் சம்மதமில்லாமல் சொந்தத் தாய்க்குக்கூடச் சொல்லக்கூடாது. தன் உடம்பை வெட்டிக் கொடுத்தவர் முன்னால் நின்று கேட்கிறார், நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். அந்த அந்தரத்தில் கை சும்மா இருக்காமல், எனக்கென்று ஊற்றி வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை. கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தினை தரம் இந்த வாங்கிலை காஞ்சனான், ஒருநாளும் நீங்கள் எனக்குத் தேத்தண்ணி தந்ததில்லை மிஸி. காணும், ஒண்டும் சொல்லவேண்டாம், எனக்கு விளங்கீட்டுது."

கொரிடோரில் ஒரு சண்டை

வந்த செவ்வாய் ஓட்டோவில் வசந்தியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார் தவமணி. வசந்தி அழுதழுது வீங்கிய முகத்தோடு வந்தார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்தால்தான் இது வந்தது, ஆகவே இனி அந்த மருந்தை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் சிறுநீரகம் செத்துவிடும் என்று கணித ரீச்சர் தானே கணக்குப் போட்டு, தானே விடையும் கண்டிருக்கிறார். தன் உயிரைவிட அவருக்கு அதுதான் பயம். மச்சாளின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று ஒளித்துத் திரிந்திருக்கிறார். "மச்சாள், நீங்கள் வெட்டித் தந்ததை நான் பாழாக்கப் போறன்" என்று கொரிடோரிலேயே விம்மினார். கண் கிளினிக் வாங்கு முழுக்க எங்களைப் பார்த்தது. தவமணிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

"விசரி, கிட்னி செத்தால் ஓடித்திரிஞ்சு இன்னொண்டு தேடலாம். நீ செத்தால் நான் ஆரோடையடி சண்டை பிடிக்கிறது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை. ஒரு முறை உடம்பைக் கிழித்துக் கொடுத்தவள், அதைப் போகவிடவும் தயாராக நிற்கிறாள். இப்படியொரு மனசு மனிதருக்கு எங்கே இருந்து வருகிறது? வினாகிரியாலும் கண்டுபிடிக்க முடியாத இடம் அது. டொக்டர் வெளியே வந்து இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போய் இருத்தினார். சிறுநீரக வைத்தியரோடு கதைத்தாயிற்று, மருந்தை நிறுத்தப் போவதில்லை, சுட்டு எடுக்கிறது அந்தச் சின்ன இடத்தை மட்டும் என்று சொன்னார். வசந்தி திரும்பவும் திரும்பவும் அதையே கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். தவமணி ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப இவ்வளவு நாளும் இவள் சாப்பிடாமல் கிடந்தது ஆருக்காக?"

வெள்ளை வராத நாள்

சுட்டு எடுத்தார்கள். சில நாள் நோ இருந்தது, வெந்நீர்த் தொட்டியில் இருந்து இருந்து ஆறியது. மாதங்கள் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். ஒருமுறை எடுத்தால் முடிந்தது என்று இல்லை, திரும்பவும் வரக்கூடியது. அன்றைக்கு வசந்தி தானாகவே உள்ளே வந்து படுத்தார், மாதா படத்தைப் பார்த்துக்கொண்டார். டொக்டர் வினாகிரி ஒற்றினார். காத்திருந்தோம். டொக்டர் கதைக்கவில்லை. வசந்தியின் தோள் விறைப்பதை நான் கண்டேன். டொக்டர் கருவியைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு ஓரமாகத் தேடினார். சுட்ட இடத்தில் மெல்லிய தழும்பு. சுற்றிவர எல்லாம் இளஞ்சிவப்பு. நேரம் போனது, வினாகிரி மணம் மூக்கில் ஏறியது, வெள்ளை வரவில்லை. ஒன்றும் தெரியாமல் இருப்பதைப் பார்ப்பதற்கு இவ்வளவு ஆசையாய்க் காத்திருக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. டொக்டர் நிமிர்ந்து மூச்சு விட்டார்.

"வசந்தி ரீச்சர், முருங்கைக்காய்க் கறிக்கு நீங்கள் தேங்காய்ப்பால் விடுறனீங்களோ?"

வசந்திக்கு விளங்கிவிட்டது. சுவரைப் பார்த்தபடியே சிரித்தார், சிரிப்பு அழுகையாகிவிட்டது. "விடுறனான் டொக்டர், கட்டிப்பாலாய் நிறைய விடுறனான்" என்றார். அவர் உடுப்பைச் சரிசெய்யும் இடைவெளியில் நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வாங்கில் தவமணி மச்சாள், சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கியபடி. முடிவு என்னவென்று என்னைக் கேட்கவில்லை. கேட்டாலும் நான் சொல்லமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் இரண்டு கைகளையும்தான் பார்த்தார். வெறுங் கைகள். அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"இண்டைக்குத் தேத்தண்ணி இல்லைப்போலை, என்ன மிஸி? அப்ப என்ரை சாமான் சுகம்."

ஆகவே சக வாங்குவாசிகளே, என்றைக்காவது எங்கள் கிளினிக்குக்கு வந்து, ஒரு மிடறு தேத்தண்ணிகூடத் தராமல் நான் உங்களைத் திருப்பி அனுப்பினால், இந்த மிஸி ஒரு கஞ்சப் பிசினாறி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திட்டியபடி சந்தோஷமாக வீடு போய்ச் சேருங்கள்.